மின்சாரக் கார் பற்றிச் சம்பந்தி கேட்டதற்குப் பதில்

டயகம,
2007 செப்டெம்பர் 10.

மதிப்புக்குரிய சம்பந்தி குணரத்தினம் ஐயா அவர்களுக்கு,

டயகமவிலிருந்து அழகன் கைகூப்பி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், மழைதான் விடுவதாக இல்லை. வெள்ளவத்தையில் தாங்களும் சம்பந்தியம்மா சிவனேஸ்வரி அவர்களும் வெயிலோடும் காற்றோடும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பிள்ளைகளின் கலியாணப் பதிவுக்கு அட்டனுக்கு வந்து, கையெழுத்து வைத்து, ஊற்றி வைத்த தேநீர் ஆறும்வரை நின்றுவிட்டுக் குடிக்காமலே போனீர்களே, அதற்குப் பிறகு தங்களிடமிருந்து வந்த முதல் கடிதம் என்பதால் என் மனைவி ராக்காயி அதை உடைக்கவே விடவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டிய பிறகுதான் தந்தாள். உடைத்துப் பார்த்தால், தாங்கள் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று வாங்க உத்தேசித்திருப்பதாகவும், என்னிடம் அவ்வகைக் கார் இருப்பதாக அறிவதாகவும், அதற்கு வாங்க வேண்டிய உபகரணங்களையும் வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளையும் தெரியப்படுத்தும்படியும் நான்கு வரி. ராக்காயி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தங்கள் மகன் விதுசன் வாங்கி வாசித்தார், மறுபடியும் வாசித்தார், மடித்து என் கையில் தந்தார்.

"மாமா, அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்கோ. வேறை ஒண்டும் எழுத வேண்டாம்" என்றார்.

மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். ஆகவே ஐயா, இது தொடக்கம் முதல் முடிவு வரை காரைப் பற்றிய கடிதம்.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் டிரைவராக இருந்தது தங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர்களை ஏரியைச் சுற்றிக் காட்டுவதற்கென்று ஹோட்டல்காரர்கள் இந்தச் சின்னக் காரை இறக்கினார்கள். உட்கார்ந்த வெள்ளைக்காரர்களை வெளியே எடுக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதனால் நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, வாழ்த்துப் பாடி, காரை எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தார்களா தள்ளிவிட்டார்களா என்று ராக்காயி இன்றைக்கும் கேட்கிறாள்.

முதலாவது ஏற்பாடு, கரண்ட். கார் வந்த அன்றைக்கு உடுப்பு அயன் பண்ணுகிற பிளக்கிலேயே செருகிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாசம். சுவரில் இருந்த பிளக் பொயின்ட் மெழுகுதிரி மாதிரி உருகிக்கொண்டிருந்தது. அது மட்டுமா, எங்கள் வரிசை வீடுகளில் லைட்டெல்லாம் மங்கி, டி.வி.க்குள் ஆட்கள் சுருங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுக் காளியாயி வாசலுக்கு வந்து, "அழகண்ணே, ஒங்க காரு சாப்பிட்டு முடிச்சிருச்சின்னா சொல்லுங்க, நாங்க நாடகம் பாக்கணும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே ஐயா, மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனியாகத் தடித்த வயர் இழுத்து, பதினைந்து அம்பியர் பொயின்ட் போட்டு, எர்த் கம்பியை நன்றாக ஆழத்தில் இறக்குங்கள். தெரிந்த வயர்மனை வைத்துச் செய்யுங்கள். நீட்டு வயர் வாங்கினால் அதைச் சுருளாக வைத்துக்கொண்டு கரண்ட் கொடுக்கக் கூடாது, சுருளுக்குள் சூடு ஏறிப் பிடித்துக்கொள்ளும். முழுவதையும் விரித்துப் போட வேண்டும். நான் விரித்துப் போட்டேன். அதில் ராக்காயி துணி காயப் போட்டாள். அதையும் செய்யக் கூடாது.

பிளக்குக்கு மழை மறைப்பு மிக முக்கியம். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கு ஒன்றைத்தான் நான் முதலில் சுற்றி வைத்தேன். மழை அதற்கும் உள்ளே போனது. இப்போது இடுப்பு உயரத்தில் தகரக் கூரை போட்ட சின்னப் பெட்டி செய்திருக்கிறேன். வெள்ளவத்தையில் மழை குறைவென்றாலும் கடற்காற்று இருக்கிறது, உப்பு பித்தளையைத் தின்றுவிடும். நீங்களும் பெட்டி செய்யுங்கள்.

அடுத்தது சத்தம். இந்தக் காரில் சத்தமே இல்லை ஐயா. முப்பது வருஷம் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே வண்டி ஓட்டியவனுக்கு இது பெரிய அவதி. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. ஒருநாள் பிளக்கைக் கழற்ற மறந்து காரை எடுத்தேன். தகரப் பெட்டி, பொயின்ட், சுவரிலிருந்து ஒரு செங்கல், எல்லாம் வயரோடு கோயிலடி வரைக்கும் பின்னால் வந்தன. அன்றிலிருந்து கார்ச் சாவியைப் பிளக்குக்கு மேலேயே ஆணியடித்து மாட்டி வைக்கிறேன், பிளக்கைப் பார்க்காமல் சாவியை எடுக்க முடியாது. தாங்களும் அப்படியே செய்யுங்கள். சத்தம் இல்லாததால் ரோட்டில் போகிறவர்களும் விலக மாட்டார்கள். அதற்காகக் காளியாயியின் ஆட்டுக்கு வாங்கிய மணி ஒன்றை முன்பக்கம் கட்டினேன். ஆட்கள் விலகினார்கள். ஆடுகள் பின்னால் வரத் தொடங்கின. அக்கரப்பத்தனைக்குப் போய் இறங்கிப் பார்த்தால் காளியாயியின் கிடாய் காருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதைப் பின் சீட்டில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். நல்ல ஹோர்ன் ஒன்று போடுங்கள். சீட்டுக்கு ரெக்சின் உறையும் போடுங்கள், துடைப்பது சுலபம்.

பெட்டரிக்கு வடித்த தண்ணீர் வேண்டும். கடையில் போத்தலில் விற்கும். ஊற்றுத் தண்ணீரோ பைப்புத் தண்ணீரோ ஊற்றினால் பெட்டரி செத்துப்போகும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, சின்னப் புனலால் அளவாக ஊற்ற வேண்டும். நான் நான்கு போத்தல் வாங்கி வைத்திருந்தேன். போன மாதம் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ராக்காயியைக் கேட்டேன். "காருக்கே சுத்தத் தண்ணி ஊத்துறீங்க, பச்சப் புள்ளைக்குப் பைப்புத் தண்ணியா?" என்றாள். நான்கு போத்தலையும் காய்ச்சிப் பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறாள்.

ஐயா, பிள்ளை என்று எழுதிவிட்டேன். பேனாவால் எழுதியது, அழித்தால் தாள் கிழியும். பிள்ளை பிறந்தது சம்பந்தியம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது என்று என் மகள் சுலக்ஷனா சொன்னாள், ஆகவே தங்களுக்கும் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போயிருக்கிறார், இதைப் பார்க்க மாட்டார். தண்ணீர் பற்றிச் சொல்லும்போது தானாக வந்து விழுந்ததென்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஐந்து போத்தலாக வாங்குங்கள்.

சரிவில் நிறுத்துவதற்குச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டை இரண்டு வேண்டும். கட்டையில்லாமல் நிறுத்தி, கார் சத்தம் போடாமல் இறங்கிப் போய்க் காளியாயியின் லீக்ஸ் பாத்திக்குள் படுத்துக்கொண்ட கதையை நேரில் சொல்கிறேன். இப்போது சொல்ல வேண்டியது பயணச் சாமான் பற்றி. அதாவது நீட்டு வயரும், எல்லா வகைப் பிளக்கும். இந்த நாட்டில் ஒரு வீட்டில் உருண்டைக் கால், அடுத்த வீட்டில் சதுரக் கால். இரண்டுக்கும் பொருந்துகிற மாற்றுப் பிளக் வாங்கிக் காருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஜூலை மாதம் ஒரு காலையில் சுலக்ஷனாவுக்கு வலி எடுத்தது. நாள் இருக்கிறதென்று நினைத்திருந்தோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நுவரெலியாவுக்குப் போங்கள் என்றார்கள். அவர்களுடைய வண்டி அதற்கு முன்னாலேயே வேறொரு நோயாளியோடு போயிருந்தது. வேன் ஒன்றும் அகப்படவில்லை. என் காரில் அரைவாசிக்குத்தான் கரண்ட் இருந்தது. முதல் நாள் கோழித் தீன் வாங்கப் போய் வந்திருந்தேன். சரி, பாதி வழியாவது போகலாமென்று சுலக்ஷனாவை முன்னால் இருத்தி, ராக்காயியையும் மாப்பிள்ளையையும் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டேன். இறக்கத்தில் பிரேக்கை மெல்லப் பிடித்தால் பெட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திரும்பி ஏறும், ஆகவே இறக்கமெல்லாம் மெல்லப் போனேன். ஏற்றத்தில் ரேடியோவை நிறுத்தினேன், வைப்பரை நிறுத்தினேன். தங்கள் மகன் கணக்கு வாத்தியார், பின்னால் இருந்து மைலையும் கரண்டையும் வகுத்துக்கொண்டே வந்தார், விடை ஒவ்வொரு வளைவிலும் மோசமாகிக்கொண்டே போனது. நானுஓயா தாண்டி ஏறும்போது காருக்கு மூச்சு முட்டியது. நானே சொல்வதற்கு முன்னால் ராக்காயி இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையும் இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மழையில் காரைத் தள்ளினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அது எனக்குக் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது. சுலக்ஷனா என் கையைப் பிடித்து, "அப்பா, நான் எறங்கி நடந்தா இன்னும் சீக்கிரமா போயிருவோம்" என்றாள். அந்த வலியிலும் சிரிக்கிறாள் ஐயா. நானும் சிரித்தேன்.

ரோட்டோரத்தில் ஒரு சிங்கள முதலாளியின் தேநீர்க் கடைக்கு முன்னால் கார் நின்றேவிட்டது. ஓடிப்போய்ச் சிங்களத்தில் கரண்ட் கேட்டேன். அந்த மனிதன் ஒரு கேள்வி கேட்கவில்லை, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இடத்தைக் காட்டினான். ஆனால் என் பிளக் உருண்டைக் கால், அவன் சுவரில் சதுர ஓட்டை. இதற்குத்தான் சொன்னேன், இரண்டு வகையும் வாங்குங்கள் என்று. அவன் பெண்சாதி எங்கேயோ தேடி மாற்றுப் பிளக் ஒன்று எடுத்து வந்து பொருத்துவதற்குள் முதலாளி ரோட்டுக்கு நடுவே போய் நின்று, நானுஓயா ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வேனை மறித்துவிட்டான். வேனுக்குள் இருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கி மழையில் நின்றார்கள். சுலக்ஷனாவைப் படுக்க வைத்து, ராக்காயியும் மாப்பிள்ளையும் ஏறிக்கொண்டார்கள், வேன் போய்விட்டது. எனக்கும் ஓர் இடம் இருந்தது. காரை அப்படியே விட்டுப் போயிருக்கலாம். அந்த நேரம் புத்திக்கு அது வரவில்லை. முப்பது வருஷமாக யார் யாரையோ நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியவன், என் பிள்ளைக்கு ஆபத்தென்ற நாளில், பால் குடிக்கிற கன்று மாதிரி வயரில் கட்டிக்கிடக்கும் காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி பிளேன்டீ தந்தான். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை. பேச்சுக் கொடுப்பதற்காக அவன் கேட்டான்.

"அனித் சீயா கோ?"

மற்றத் தாத்தா எங்கே என்கிறான். கொழும்பில் இருக்கிறார் என்றேன். வருவாரா என்றான். வருவார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது ஐயா.

பொழுது சாய்வதற்கு முன்னால், வேன் புறப்படும்போது முதலாளி எழுதிக் கொடுத்த நம்பரைப் பார்த்து, கடைத் தொலைபேசிக்கு மாப்பிள்ளை பேசினார். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், தாயும் பிள்ளையும் நலம், பெண் பிள்ளை. பிறகு, "மாமா, மூக்கு அப்பான்ரை மூக்கு" என்றார். வைத்துவிட்டார். முதலாளி பெண்சாதி எனக்குச் சீனி அள்ளிக் கொடுத்தாள். உருகிப்போன ஐஸ்கிறீமையும் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன்.

கார் பற்றிக் கேட்டவருக்கு எதையெல்லாமோ எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். மிச்சத்தைச் சுருக்கமாகச் சொன்னால், காலால் அடிக்கும் காற்றுப் பம்ப் ஒன்றும் வாங்குங்கள், டயரில் காற்றுக் குறைந்தால் கரண்ட் வீணாகும். குளிர் காலையில் பெட்டரி சோம்பல் படும், அதற்குக் கம்பளி போர்த்துவேன், தங்களுக்கு அங்கே தேவைப்படாது. மூக்கு விஷயம் மாப்பிள்ளை என்னிடம் சொன்னது, நான் தங்களிடம் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் கார் என்றும் ஏற்றத்தில் சளைக்காமல், இறக்கத்தில் வழுக்காமல் ஓடவும், தாங்களும் சம்பந்தியம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும் ராக்காயியும் நானும் வேண்டிக்கொள்கிறோம். காளியாயியும் வணக்கம் சொல்லச் சொன்னாள், அவளுக்குத் தங்களைத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
அழகன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சம்பந்தியம்மா சுலக்ஷனாவின் தொலைபேசிக்குப் பேசினார்கள். நான்தான் எடுத்தேன். கார் எந்த நிறம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அண்ணை, இவர் காரும் வாங்கேல்லை ஒண்டும் வாங்கேல்லை. இவருக்குக் கார் ஓடவும் தெரியாது. உங்களுக்கு எழுத ஒரு சாட்டு வேணும், அதுதான். ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு கேற்றடியிலை நிக்கிறார்" என்றார்கள்.

ஆகவே ஐயா, மேலே எழுதிய சாமான் எதையும் வாங்க வேண்டாம். கிழித்துப் போட மனம் வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறினால் நானுஓயாவில் இறங்கலாம். நான் காரோடு நிற்பேன், கரண்ட் முழுக்க ஏற்றி வைத்திருப்பேன். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கிறோம் என்று இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் வைக்கவும் இல்லை.