ஏப்ரல் இருபத்தொன்றில் நின்ற பள்ளிக்கூடம்

"இன்னைக்குத் தேதி ஏப்ரல் இருபத்தொண்ணு. பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டே இன்னும் வரல. அதுக்குள்ள டி.சி. கேட்டா எப்படிப்பா?" என்றார் தலைமையாசிரியர் சங்கரபாண்டியன்.

அன்று ஜூன் எட்டு. என் கையில் மார்க் சீட் இருந்தது. பாஸ்.

"சார், அப்ப இது என்ன?"

"அது சென்னையில இருந்து வருது. அங்க தேதி ஓடியிருக்கும். நம்ம பள்ளிக்கூடத்துல ஓடல. மேல பாரு."

பார்த்தேன். அவர் தலைக்கு மேலே தடுத்துவைத்தல் நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 21, சனிக்கிழமை.

எனக்கு அவசரம். விருதுநகர் ஐ.டி.ஐ.யில் மறுநாள் மத்தியானத்தோடு சேர்க்கை முடிகிறது. டி.சி. இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விடவில்லை என்றால் திங்கட்கிழமை பட்டாசுக் கம்பெனி வேனில் எங்கம்மா பக்கத்தில் எனக்கும் ஓர் இடம். வேன்காரர் இடம் பார்த்தே வைத்துவிட்டார்.

இந்த நாட்காட்டி வந்த வரலாற்றைச் சொல்லியாகவேண்டும். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாத்தியார்கள் பிரம்புகளைப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டு, இனி நாடு எப்படி உருப்படும் என்று ஒரு வாரம் துக்கம் அனுசரித்தார்கள். அப்போது பள்ளிச் செயலாளர் வெள்ளைத்துரை வந்தார். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகம் அவருடையது. அவர் மகள் ஆர்த்தி படிப்பது கான்வென்ட்டில்.

"அங்கன டிட்டென்ஷன்னு ஒண்ணு வச்சிருக்காக. தப்புப் பண்ணுன பிள்ளைய ஸ்கூல் விட்டப்புறமும் உக்கார வச்சிருதாக. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைக்கு மட்டுந்தான் உக்காரத் தெரியுமா? நம்ம பிள்ளைகளும் உக்காரும்" என்றார்.

பள்ளிக் குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. பதிவேடு அச்சடிக்கும் பொறுப்பையும் அவரே பெருந்தன்மையுடன் ஏற்றார். அவருக்கு அடிக்கத் தெரிந்தது தினசரி காலண்டர் ஒன்றுதான். அதனால் தண்டனை காலண்டராகவே வந்தது. ஒவ்வொரு தாளிலும் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம். அதற்குக் கீழே பெயர், குற்றம், திருந்தியதற்கான அடையாளம். தண்டனை நேரம் நாலரை முதல் ஆறு வரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த நேரம் ராகு காலம் என்பதால் அன்றைக்குத் தண்டனை இல்லை. பிள்ளைகளைத் தண்டித்தாலும் நல்ல நேரத்தில் தண்டிக்கவேண்டும் என்பது குழுவின் ஏகமனதான முடிவு.

அட்டையில் சிவப்பு எழுத்தில் மூன்று விதிகள். ஒரு தாளுக்கு ஒரு பெயர். ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஒரு தாள். ஞாயிறு நீங்கலாக, பெயர் எழுதாத தாளைக் கிழிக்கக் கூடாது.

மூன்றாவது விதிதான் பள்ளியைப் பிடித்து ஆட்டியது. யாரும் தப்புச் செய்யாத நாளில் நாலு மணிக்கே தலைமையாசிரியருக்கு வேர்த்துவிடும். "ஏலே, யாராவது ஏதாச்சும் பண்ணுங்கலே" என்று வராண்டாவில் கெஞ்சிக்கொண்டு போவார். எங்கள் கிளாஸில் முதல் ரேங்க் எடுக்கிற கண்ணுச்சாமி ஒரு நாள் மாட்டினான். குற்றம்: அளவுக்கு மீறிய ஒழுக்கம். பொங்கல் லீவு முடிந்ததும் லீவு நாளுக்கெல்லாம் சேர்த்து ஆள் பிடித்து நாட்காட்டியை நாளோடு கோர்த்தார்கள்.

ஏப்ரல் இருபதில் பரீட்சை முடிந்தது. மறுநாள் முதல் பிடிப்பதற்குப் பிள்ளை இல்லை. பள்ளி அங்கேயே நின்றுவிட்டது.

"அப்ப நான் உக்காருதேன் சார். கிழிங்க" என்றேன்.

"தாராளமா உக்காரு. இன்னைக்கு ஒண்ணு கிழியும்."

"மிச்சம்?"

அவர் விரல் விட்டார். "மொத்தம் நாப்பத்தெட்டுத் தாள். ஞாயிறு ஏழு போக நாப்பத்தொண்ணு. தினம் வந்து உக்காந்தீன்னா ஜூலை கடைசியில நமக்கு ஜூன் எட்டு வந்துரும். அன்னைக்கே டி.சி. தாரேன். இல்லையா, நாப்பத்தோரு பேரக் கூட்டிட்டு வா. ஒரே உக்காரல்ல முடிச்சிரலாம்."

அப்போது மேற்கே இடி இடித்தது. வானம் இருட்டினால் மின்னலுக்குப் பயந்து பட்டாசுக் கம்பெனியில் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். பள்ளிக்கு எதிரே டீக்கடையில் எங்கம்மா வருகிற வேன் வந்து நின்றது.

"சார், பிள்ளைகளாத்தான் இருக்கணுமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதியை இரண்டு தடவை படித்தார். "‘பெயர்’னுதான் போட்டிருக்கு. பேர் உள்ள யாரா இருந்தாலும் செல்லும்."

ஓடினேன். இருபது பேர் உட்காரவேண்டிய வேனில் முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

"எதுக்குலே நாங்க வரணும்?" என்றாள் எங்கம்மா இருளம்மாள்.

"தண்டனை அனுபவிக்க. அப்பத்தான் டி.சி. குடுப்பாகளாம்."

"நாங்க என்னலே தப்புப் பண்ணுனோம்?" என்றாள் அடுத்த தெரு வேல்விழி அக்கா.

"ஏதாச்சும் பண்ணியிருப்பீகக்கா. நடந்துக்கிட்டே யோசிங்க."

கையெல்லாம் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து மினுங்க முப்பத்தெட்டுப் பேரும் பத்தாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கே நாலு பேர் வராத பள்ளி அது. தலைமையாசிரியர் நெகிழ்ந்துபோனார். உடனே சமாளித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"குற்றம்?"

"கொளம்புக்கு உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"அடுத்து?"

"மாமியாள மனசுக்குள்ள வஞ்சேன்" என்றாள் வேல்விழி அக்கா.

"எத்தனை தடவை?"

"ஒரு தாளு பத்தாது சார்."

எங்கம்மா முறை வந்தது. "இவனப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது" என்றாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

என்னோடு சேர்த்து முப்பத்தொன்பது. பியூன் சங்கிலிமுத்துவையும் உட்காரச் சொன்னார்.

"நான் எதுக்கு சார்?"

"எதிர்த்துப் பேசியது" என்று எழுதினார்.

நாற்பது. இன்னும் ஒன்று வேண்டும். எல்லாரும் தலைமையாசிரியரையே பார்த்தார்கள்.

"நானா? நான் என்ன செஞ்சேன்?"

"நாப்பத்தெட்டு நாளா காலண்டர் கிழிக்காம இருந்திருக்கீகள்ல" என்றாள் எங்கம்மா.

குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாக அவருக்கே பட்டது. தடுத்துவைக்கப்பட்டவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் தடுத்துவைத்தவர் என்ற இடத்தில் இன்னொன்றும் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நாலரை. பேசக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் முதல் பெஞ்சு தூங்கியது. பத்து நிமிஷத்தில் வகுப்பே தூங்கியது. எங்கம்மா டெஸ்க்கில் கன்னத்தை வைத்து வாயைத் திறந்து தூங்கினாள். வீட்டில் அவள் படுத்துப் பார்த்திருக்கிறேன், தூங்கிப் பார்த்ததில்லை. தலைமையாசிரியரும் சங்கிலிமுத்துவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். டி.சி. கவலையில் நான் மட்டும் முழித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு நானே போய் பெல் அடித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் செத்த நேரம் இருக்கட்டும்லே" என்றாள் எங்கம்மா கண்ணைத் திறக்காமல். "ஒண்ணரை மணி நேரம் என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல."

"சார், நாளைக்கும் உண்டா இது?" என்றாள் வேல்விழி அக்கா.

"திருந்துனவுகளுக்கு இல்லம்மா. ஒரு தடவை திருந்துனவுகள மறுபடி தண்டிக்க முடியாது" என்றார் தலைமையாசிரியர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. திருந்தியதற்கான அடையாளம் என்ற இடத்தில் நாற்பது தாளிலும் ‘குறட்டை’ என்று எழுதினார். தன் தாளிலும்தான்.

பிறகு கிழித்தார். சித்திரை முடிந்து வைகாசி பிறந்தது. கத்திரி வெயில் வந்து போனது. ரிசல்ட் வந்தது, நான் பாஸானேன். நாலு நிமிஷத்தில் ஜூன் எட்டு. டி.சி.யில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். கையைக் குலுக்கி வாழ்த்தவும் செய்தார்.

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"காளீஸ்வரா, இன்னைக்குத் தாளு அப்படியே இருக்கு பாரு. எங்க எல்லாருக்கும் திருந்தியாச்சுன்னு எழுதியாச்சு. நீதான் தூங்கல. உன் ஒருத்தன் தாள்லதான் அந்த இடம் காலி. அதனால நாளைக்கு நாலரைக்கு நீ வந்து உக்காரணும். நீ வரலைன்னா நமக்கு ஒம்பதாந்தேதி கெடையாது. ஒம்பது இல்லாம பதினொண்ணு வராது. பதினொண்ணு வராம பள்ளிக்கூடம் தொறக்க முடியாது. அறுநூறு பிள்ளைக படிப்பு உன் கையில இருக்கு. வந்துருவீல்ல?"

"வந்துருதேன் சார்."

மறுநாள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை அறுநூறு பிள்ளைகளும் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். இன்னும் எட்டாந்தேதிதான், லீவு முடியவில்லை என்று சங்கிலிமுத்து அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கலாம் என்றால், அதற்கு அந்தப் பிள்ளை உள்ளே வரவேண்டும். உள்ளே வரவேண்டும் என்றால் பதினொன்று பிறக்கவேண்டும். கேட்ட பெற்றோருக்கெல்லாம் இதை விளக்கியிருக்கிறார்கள். அவர்களும் விதி என்றால் விதிதானே என்று திரும்பிப் போய்விட்டார்களாம்.

சங்கிலிமுத்து அண்ணன் இதுவரை மூன்று தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டுவிட்டார். எங்கள் ஊர் ஆனைக்குட்டத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு, "போயிராதீகண்ணே" என்கிறார்கள். நேற்று எங்கள் கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் பஸ் ஸ்டாண்டில் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். டீச்சர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் குரலைத் தாழ்த்தி, "தீபாவளி வரைக்கும் தாக்குப் பிடிப்பியாடா?" என்றார்.

ஒன்றரை மணி நேரம் போய் உட்காரவேண்டியதுதான். இன்னும் போகவில்லை.