மைனஸ் நாலு எடுத்த ஒரே படம்

கையில் கேமரா இருந்தும் படமே எடுக்காத போட்டோகிராபர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் தில்லி துவாரகாவில், எனக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருந்தார். சென்ற வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் குடியிருப்பில் நடக்கும் விசேஷங்களில் படங்கள் எடுக்கப்படுகின்றன.

அவரை எல்லோரும் மைனஸ் நாலு என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். அதைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேனுக்கே தெரியாது. புதிதாக வந்தவர்கள் ஜனவரிக் குளிரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதுண்டு. உண்மையில் அது ஒரு லென்ஸின் குறை. ஆட்டோஃபோகஸ் கேமரா எதிரில் உள்ளதைத் தானே பார்த்து, எங்கே துல்லியம் வேண்டும் என்று முடிவு செய்யும். சில லென்ஸ்கள் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ தப்பாக முடிவு செய்யும். அதைத் திருத்த மெனுவில் பிளஸ் இருபதிலிருந்து மைனஸ் இருபது வரை ஏதாவது ஓர் எண்ணை வைக்கலாம். அவருடைய லென்ஸுக்கு மைனஸ் நாலு. இதைக் குடியிருப்பில் எல்லோருக்கும் தமிழிலும், பால்காரருக்கு இந்தியிலும் அவர் விளக்கியிருந்தார்.

சர்க்காரில் அவருக்குத் தராசு சோதிக்கும் உத்தியோகம். பகலெல்லாம் மண்டிகளில் எடைக்கற்களைச் சந்தேகப்பட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து லென்ஸைச் சந்தேகப்படுவார். நானும் விமான நிலையத்தில் கருவிகளைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள்தான். ஆனால் ஆறு மணிக்கு மேல் எந்தக் கருவி என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன்.

அவர் முறை இது. சாப்பாட்டு மேஜையில் அடிஸ்கேலைச் சாய்வாக நிறுத்துவார். மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ஸ்கேலின் நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் செய்து, ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். நடுக்கோடு மங்கி அடுத்த கோடு பளிச்சென்று இருந்தால் பெருமூச்சு விடுவார். எண்ணை மாற்றுவார். மறுபடி ஒரு படம். இப்படி ஒரு மாலைக்கு நாற்பது முறை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. குடும்பமே சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கேல் ஆடாமல் மெதுவாக மென்றது.

ஒருநாள் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏ புள்ள, கல்யாணமாயி இருவத்திரெண்டு வருசமாச்சு. அந்த ஸ்கேல உத்து உத்துப் பாக்காருல்லா, அதுல கால்வாசி நேரம் என்னயப் பாத்திருப்பாரான்னு கேளு."

"நீ ஆடுவ. ஸ்கேலு ஆடாது," என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படம் எடுக்கக் கூப்பிட்டால் மறுக்கவே மாட்டார். அதுதான் ஆபத்து. ஐந்தாம் மாடிக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போனார். கேக்குக்குப் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தினார். மெழுகுவர்த்தி கரைந்தது, குழந்தை தூங்கியது, விருந்தாளிகள் கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓடினார்கள். "இப்ப ரெடி. எல்லாரும் வாங்க," என்று அவர் நிமிர்ந்தபோது ஹாலில் நானும் ஒரு பலூனும்தான் இருந்தோம். வேறொரு வீட்டு வளைகாப்புக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் தயாரானபோது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்விட்டது என்று சொல்வது மிகை. தவழ்ந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் எடுத்த படங்களை மட்டும் உடனுக்குடன் பார்ப்பார். என் அக்காவின் கல்யாண ஆல்பத்தை ஆசையாகக் காட்டினேன். மணப்பெண் எப்படி, மாப்பிள்ளை எந்த ஊர், எதுவும் கேட்கவில்லை. தாலி கட்டும் படத்தில் விரலை வைத்து, "நாதஸ்வரக்காரரு காது நல்லா வந்திருக்கு," என்றார்.

இப்படிப்பட்டவரை எங்கள் தமிழர் சங்கம் தனது அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக வைத்திருந்தது. காரணம் ஒன்றுதான். நீளமான லென்ஸ் ஒன்று எதிரில் நின்றால் மேடையில் இருப்பவர்களுக்குக் கௌரவம். அது வேலை செய்யவேண்டும் என்று எந்தத் தீர்மானத்திலும் இல்லை.

பொங்கலை ஒட்டி சங்கம் பூங்காவில் விளையாட்டுப் போட்டி நடத்தும். அந்த வருடம் சிறுமிகள் ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு சைக்கிள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து செல்வி அக்காவின் மகள் கவிதா ஓடிக்கொண்டே இருந்தாள். செல்வி அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்குச் சமைப்பவர். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஆளில்லை. நாற்பது நிமிடம் நடக்கவேண்டும்.

"பனியில பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல. பொட்டப்புள்ளய எப்பிடிம்மா தனியா நடக்கவுடறது? சைக்கிள் கெடைச்சா மத்த புள்ளைங்களோட சேந்து போயிடும். இல்லன்னா பரீட்சை முடிஞ்சதும் ஊருக்கு அனுப்பிடுவேன்," என்றார் அக்கா.

கவிதா பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. ஊர் என்பது அவளுக்குப் பத்து நாள் லீவு. "எனக்குத் தமிழ் எழுதவே ஆதா நஹீ, தெரியாது தீதி. அங்கே போனா சின்னப் பசங்களோட ஃபர்ஸ்ட் கிளாஸ்ல உட்கார வெப்பாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு இன்னொரு சுற்று ஓடினாள்.

போட்டியன்று அவளும் சங்கத் தலைவரின் மகளும் ஒன்றாக எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். நடுவராக நின்றிருந்த சங்கச் செக்ரட்டரி மைக்கைப் பிடித்துக் கொஞ்சமும் தயங்காமல் தலைவரின் மகள் பெயரைச் சொன்னார்.

"நான்தான் பெஹ்லே வந்தேன். கசம் சே, சத்தியமா," என்றாள் கவிதா.

"அரே, நான் கண்ணால பாத்தேன்மா. நூலிழைதான். செகண்ட் பிரைஸ் டிபன் பாக்ஸ் இருக்கு. நல்ல ஸ்டீல்."

செல்வி அக்கா மகளின் கையைப் பிடித்தார். "வா, போலாம். பெரியவங்க சொல்லிட்டாங்கல்ல."

ஆனால் எனக்கு ஒரு சத்தம் கேட்டிருந்தது. அவர்கள் கோட்டைத் தாண்டியபோது 'க்ளிக்' என்று. திரும்பிப் பார்த்தேன். மைனஸ் நாலு கேமராவின் திரையைப் பார்த்து வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"சார், படம் எடுத்தீங்களா?"

"கேக்காதம்மா. கெட்டுப்போச்சு. ஃபோகஸ் பின்னால விழுந்திட்டு. நாலடி! ஒரு வாரமா வீட்ல மஞ்சள் பல்புல வெச்சு செட் பண்ணேன். மூடுபனியில கெடந்த ஊருல இன்னைக்குன்னு வெயிலடிக்கும்னு யாரு கண்டா?"

வெளிச்சத்தின் நிறம் மாறினால் சில லென்ஸ்களின் கணக்கும் மாறும். தராசு சோதிப்பவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கேமராவை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பெண்களும் தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி இருந்தார்கள். யார் கால் முன்னால் என்று கடவுளே வந்தாலும் சொல்லமுடியாது. அவர்களுக்கு நாலடி பின்னால், மயிரிழை மயிரிழையாக, செக்ரட்டரி இருந்தார். ஓட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, தட்டில் குனிந்து, வடைகளில் பெரியதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அதைத் தலைவரிடம் கொண்டுபோனேன். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"அடடா, வடையில மிளகுகூடத் தெரியுது!"

"என்ன ஷார்ப்பு! சார், நீங்க ஆர்ட்டிஸ்ட்!"

"ஏ, பாக்காதிய! தப்புப் படம்யா அது! அழிக்கணும்!" என்று மைனஸ் நாலு கூட்டத்துக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் கிடைத்த பாராட்டு அவரை அவமானத்தில் கூசவைத்தது.

தலைவர் படத்தைப் பார்த்தார். செக்ரட்டரியைப் பார்த்தார். "கண்ணால பாத்தீரா ஓய்? எந்தக் கண்ணால?" என்று கேட்டார். செக்ரட்டரி மைக்கை அணைத்தார். "ஃபிர் சே, இன்னொரு வாட்டி ஓடறோம், பப்பா," என்றாள் தலைவரின் மகள். கவிதா ஏற்கெனவே தொடக்கக் கோட்டில் நின்றிருந்தாள்.

"இருவது நிமிசம் குடுங்க. வெயிலுக்கு ஏத்தாப்ல செட் பண்ணிடுதேன்," என்று மைனஸ் நாலு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். தலைவர் விசிலை ஊதிவிட்டார்.

இரண்டாவது ஓட்டத்துக்குப் படம் கிடையாது. தேவைப்படவும் இல்லை. கவிதா ஐந்தடி முன்னால் வந்தாள். அதை எடுக்கவேண்டியவர், இன்னொருவர் கை பட்டாலே பதறுகிற அந்தக் கேமராவை ஈரப் புல்லில் போட்டுவிட்டு, "ஓடு தாயி, ஓடு! திரும்பிப் பாக்காத!" என்று கத்தியபடி ஓடுபாதைக் கயிற்றுக்கு வெளியே அவளுக்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தார். குளிர் கொஞ்சமும் குறையவில்லை. நான் கேமராவை எடுத்து என் சால்வையில் சுற்றி, அவர் திரும்பி வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.