மாலை போட்ட சான்றிதழும் மூன்று அழைப்புகளும்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய டாக்டர் மார்க்கிரட் அம்மையார் அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து கன்னையா கைகூப்பி எழுதுவது. நானும் என் மனைவி லோகேஸ்வரியும் நலம். நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் ஹாக்கி அணியின் அத்தனை முழங்கால்களும் சுகமாக இருக்க எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். நான் யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் என் மகள் தாமரைக்கு நீங்கள் செய்ததற்கு நன்றி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எனவே, போன புதன்கிழமை உங்களைத் திருட்டுக் கும்பல் என்று திட்டிய ஆள் நான்தான் என்று நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் என் வாய்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. தவிர, உங்கள் எண்ணை பிளாக் பண்ணத் தெரிந்த எனக்கு அதை எடுத்துவிடத் தெரியவில்லை.

என் மகள் சான்றிதழ் வாங்கிய அத்லெட்டிக் டிரெய்னர் என்பது உங்களுக்குத் தெரியும். விளையாடுகிறவர்களுக்கு அடிபடாமல் பார்ப்பது, பட்டால் திடலுக்குள் முதல் ஆளாக ஓடிக் கட்டுப்போடுவது, பிறகு மாதக்கணக்கில் கூடவே இருந்து மறுபடி ஓட வைப்பது அவள் வேலை. இதை எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. "ஜிம்முல சொல்லிக் குடுக்குதா?" என்று கேட்பவர்களிடம் "பாதி டாக்டர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீதிப் பாதி எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் உங்கள் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். முதுகலை படிக்கலாம், கட்டணம் கிடையாது, வாரம் இருபது மணி நேரம் ஹாக்கி அணியைப் பார்த்துக்கொண்டால் மாதாமாதம் அலவன்ஸ், காலை ஆறு மணிக்கே பயிற்சி என்பதால் வளாகத்திலேயே தங்க அறை. முப்பத்தோரு வருடம் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இந்த நாட்டில் எனக்கு இலவசமாக வந்தது சீனப் புத்தாண்டுக் காலண்டர் ஒன்றுதான். படிக்கவும் வைத்து, காசும் கொடுத்து, அறையும் கொடுக்கிறார்கள் என்றால் நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை தாமரை பந்திங்கில் இருந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப்போட்டியில் மூன்று நாள் வேலை. முதல் நாளே ஒரு பையனின் காலை ஐஸ் தொட்டியில் வைக்கக் குனிந்தபோது அவள் போனும் உள்ளே போய்விட்டது. பையனின் கால் பிழைத்துக்கொண்டது, போன் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் நீங்கள் விண்ணப்பத்தில் இருந்த என் எண்ணுக்குக் கூப்பிட்டீர்கள்.

"தாமரையின்ட அப்பாவோ? நான் பல்கலைக்கழகத்தில இருந்து கதைக்கிறன். உங்கட மகளுக்கு இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் சேர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்ட வேணும்" என்றீர்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னீர்கள்! நான் என்ன சொன்னேன்?

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா லா? எங்க புடிச்சீங்க எம்மக பேர? இப்ப யாழ்ப்பாணத் தமிழ் பேசவும் ஆள் வெச்சிட்டீங்களா?"

"ஐயா, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கோ."

"அடுத்து பேங்க் நம்பர் கேப்பீங்க, எனக்குத் தெரியாதா?"

"ஓம், அலவன்ஸ் போட அதுவும் வேணும்தான்" என்றீர்கள், பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால். அதோடு தீர்ந்தது. நீங்கள் செய்யும் தொழில் உங்களைப் பெற்றவர்களுக்குத் தெரியுமா என்று தொடங்கிப் பதினான்கு நிமிடம் பேசினேன். அதன்பிறகு உங்கள் எண்ணைத் தாமான் வாட்ஸ்அப் குழு, கோயில் குழு, ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் குழு மூன்றிலும் போட்டு, ஜாக்கிரதை என்று சிவப்பு விளக்குப் படம் வேறு சேர்த்தேன். கோயில் தங்கமணி அக்கா அந்த எண்ணுக்கே கூப்பிட்டு உங்களை வைததாகப் பெருமையாக வந்து சொன்னார். "நல்லா குடுத்தேன் தம்பி. ஆனா மூச்சு வாங்குதேன்னு அவளே கேட்டா. முட்டி வலின்னேன், ஐஸ் வெக்கச் சொன்னா. வெச்சேன், இப்ப தேவலாம். திருடியா இருந்தாலும் நல்ல திருடி லா" என்றார்.

வியாழக்கிழமை அலுவலக எண்ணிலிருந்து மறுபடி கூப்பிட்டீர்கள். "நாளைக்கு அஞ்சு மணிக்குப் பிறகு இந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும் ஐயா" என்றீர்கள். "தாராளமா குடுங்க, அந்த ஆள் ஏமாறட்டும்" என்று அந்த எண்ணையும் அடைத்தேன். இதற்கு மேல் யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு உங்கள் குமாஸ்தாவின் போனை வாங்கிக் கூப்பிட்டீர்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். லோகேஸ்வரி எடுத்தாள்.

மூன்று நிமிடம் கேட்டாளாம். பிறகு குளியலறைக் கதவில் விழுந்த இடி இன்னும் காதில் இருக்கிறது. "மனுசனா நீங்க? புள்ள ராத்திரி பகலா படிச்சி வாங்குன இடம்! வாங்க வெளிய!" கண்ணில் சோப்போடு வந்தேன். பந்திங் பள்ளி ஆசிரியர் ஒருவரின் போனில் தாமரையைப் பிடித்து, சம்மதக் கடிதத்தை அவள் அங்கிருந்தே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, சாமி அறையைக் காட்டினாள்.

அங்கேதான் சான்றிதழ் மாட்டியிருந்தது. வந்த அன்றே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிரிக்ஃபீல்ட்ஸில் பிரேம் போட்டு வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் புது மாலை வேறு. கழற்றப் போனேன். "நல்ல காரியத்துக்குப் போறப்ப மாலைய எடுக்காதீங்க, அப்படியே தூக்கிட்டுப் போங்க" என்றாள். அன்று அவளை எதிர்த்துப் பேசும் நிலையில் நான் இல்லை. கண்ணாடியில் தூசு படாமல் துண்டைப் போர்த்தி, மாலையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். தலை ஈரம், கண் சிவப்பு, மடியில் மாலை போட்ட படம். ஒரு மலாய் இளைஞர் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த வயதான மலாய் அம்மா என் தோளைத் தொட்டு, "தக்சியா, பாக்சிக். இஸ்தெரியா?" என்றார். மனைவிக்காக அனுதாபம் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. விளக்கிச் சொல்ல மூச்சு இல்லாததால் "தெரிமா காசே" என்று நன்றி சொல்லி வைத்தேன். சுபாங் ஜெயா வரை அந்தப் பெட்டியில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.

உங்கள் அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை மஞ்சள் மூடியிருந்தது. "நொம்போர் தாக் நம்பாக், என்சிக்", எண் தெரியவில்லை என்று குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். அப்போது உள்ளேயிருந்து நீங்கள் வந்தீர்கள். உங்களை அந்தப் பேச்சுப் பேசியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தொடலாமோ?" என்று அனுமதி கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஏழா ஒன்பதா என்று பார்த்து, சான்றிதழ் கொடுத்தவர்களின் பட்டியலைக் கணினியில் திறந்து ஒப்பிட்டு, நாலு ஐம்பத்திரண்டுக்கு முத்திரை குத்தினீர்கள். "மஞ்சள் பூசினது நல்லதுக்குத்தானே, ஐயா. தண்ணி குடியுங்கோ" என்றீர்கள். அம்மா, பெற்ற தகப்பன் கெடுக்கப் பார்த்ததை நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். நான் ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்த பிழை அது. பொறுத்துக்கொண்டீர்கள். மூன்று குழுவிலும் மன்னிப்புப் போட்டுவிட்டேன். தங்கமணி அக்கா மட்டும் இடுப்பு வலிக்கும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் அணி ஒரு சுளுக்கும் இல்லாமல் கோப்பை வாங்க வேண்டும். எங்கள் வீட்டு விளக்கு எரியும் வரை உங்கள் பெயரைச் சொல்வோம்.

என்றும் நன்றியுள்ள,
கன்னையா

பி.கு: மேலே உள்ளதை லோகேஸ்வரியும் தாமரையும் படித்து, சரி என்று சொல்லி, அவள் விடுதி அறைக்குப் படுக்கை விரிப்பு வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். உறையை ஒட்டும் முன் உங்களுக்கு மட்டும் இதை எழுதுகிறேன். நீங்கள் திருட்டுக் கும்பல் இல்லை என்பது புதன்கிழமையே எனக்குத் தெரியும். "இன்டர்வியூவில கேள்வி கேட்டா, ஒருக்காச் சிரிச்சுப்போட்டுத்தான் பதில் சொல்லுறா உங்கட மகள்" என்றீர்களே, அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. எந்தக் கும்பலுக்கு அது தெரியும்? எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. வேலை முடிந்து வந்து வாசலில் அவள் காலணியைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணி தாண்டிவிட்டால் அந்தச் சத்தம் வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்தேன். கத்தியதும், உங்கள் எண்ணை ஊருக்குப் பரப்பியதும் எல்லாம் அதற்காகத்தான். இரண்டு நாளாகக் கையைவிட்டு இறக்காத போனை, வெள்ளிக்கிழமை குளிக்கப் போகும்போது லோகேஸ்வரி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. நீங்கள் மூன்றாம் முறை கூப்பிட்டிராவிட்டால் என் பிள்ளையின் முகத்தை நான் இனி எப்படிப் பார்த்திருப்பேன்? என் நன்றி எல்லாம் அந்த ஒரு அழைப்புக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் பையை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். இந்தத் தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவள் அப்பா ஒரு முட்டாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.