மித்தோ நிலையத்தில் ஒரு மாடு

உயிரே போனாலும் மித்தோ ரயில் நிலையம் சாப்பாட்டு மேசையை விட்டு இறங்காது என்று இக்னாஸ் தீர்மானித்துவிட்டார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். சுங்க அலுவலகத்தில் சேவகனுக்குக்கூட எழுந்து நிற்கும் குமாஸ்தா. இந்த மேசையில் மட்டும்தான் அவர் சொன்னால் ரயில் கிளம்பும், அவர் சொன்னால் நிற்கும். இதையும் விட்டுக்கொடுத்தால் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி சைகோனுக்கு வந்ததுதான் எதற்கு? அந்தக் கேள்வி அவரை ரொம்ப நாளாகவே குடைந்துகொண்டிருந்தது.

சைகோனிலிருந்து மித்தோ ஊருக்குப் போகும் ரயில் பாதையைத்தான் பொம்மையாக மேசைமேல் கட்டிக்கொண்டிருந்தார். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்றுதான் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் அவர் கைவேலை. சுருட்டுப் பெட்டிப் பலகையில் சுவர். அட்டையில் வெட்டிச் சிவப்புப் பூசிய ஓடு. உடைந்த விசிறியின் மூங்கிலைச் சீவி ஜன்னல் சட்டம். மேசையின் மறுகோடியில் சைகோன் நிலையமும், நடுவில் ஆற்றுப் பாலமும் இனிதான் எழும்ப வேண்டும். அதுவரை கணவனும் மனைவியும் அடுப்பங்கரையில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள்.

முழங்கால் வலிக்கிறது, கிறிஸ்துமஸுக்காவது மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று மனைவி மார்கரித் கேட்டாள். இக்னாஸ் கையிலிருந்த அரத்தை ஆட்டினார்.

"இதுல எவர் கை பட்டாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"என் கை படாதுங்க, சத்தியமா. நீங்களாப் பிரிச்சாத்தான் உண்டு."

"நான் ஏன் பிரிக்கிறேன்?"

"அதானே," என்று அவள் கீரை ஆயப் போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது அவருக்கே உறுத்தியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை பங்குச் சாமியார் வீடு வீடாக, சேசு பிறந்த தொழுவம்போல் கட்டும் குடில்களை மந்திரிக்க வந்தார். கூடவே குடிலில் வைக்கும் சொரூபங்களைக் கூடையில் சுமந்தபடி பக்கத்து வீட்டு ஒடெட். பின்னால் கோயில் பெண்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்காரரே குடில் கட்டியிருக்கிறார் என்று மார்கரித் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இக்னாஸ் வாயைத் திறப்பதற்குள் ஒடெட் குழந்தை சேசுவை மித்தோ நிலையத்தின் பயணிகள் அறையில் படுக்கவைத்துவிட்டாள். டிக்கெட் ஜன்னலில் மாடு தலையை நீட்டியது. மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தோடு, ரயில் தாமதம் என்பதுபோல் பிளாட்பாரத்தில் நின்றார்கள். மார்கரித் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்றாள்.

"சாமி, இது வந்து..."

சாமியார் குனிந்து ஜன்னல் சட்டத்தை ஒரு விரலால் தடவினார். "பெத்லகேம்ல யாரும் இடம் கொடுக்கல. நீங்க கொடுத்திருக்கீங்க, இக்னாஸ். இவ்வளவும் நீங்களே சீவினதா?"

இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஆமா சாமி," என்றவர், சும்மா இருந்திருக்கலாம். "குடிலுக்குன்னே கட்டினது."

தீர்த்தம் தெளித்தாகிவிட்டது. மந்திரித்த குடிலில் தகர ரயில் ஓட்ட முடியுமா? ரயில் அலமாரிக்குள் போயிற்று. போகட்டும், நிலையம் மேசையை விட்டு இறங்கவில்லையே என்று பாயில் உட்கார்ந்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளோடு கிறிஸ்துமஸ் காலமும் முடிந்தது. மறுநாள் மதியம் மேசையருகே வைக்கோல் பரப்பிய கூடை ஒன்று இருந்தது.

"எல்லா வீட்லயும் குடிலைப் பிரிச்சாச்சு. சாமியாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். இன்னும் வச்சிருந்தா என்ன நினைப்பார்?" என்றாள் மார்கரித்.

"இது குடில் இல்லடி, ஸ்டேஷன்."

"அதை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இக்னாஸ் அவசரமாகக் கூரையை நெம்பினார். சுவர் ஆடியது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடியேன்."

"நான் எப்படிங்க பிடிக்கிறது?" என்றாள் மார்கரித். "கை படாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே."