இன்பெங் வாய் பிளந்த நாள்

வியந்தியான்,
சீ முவாங் கோயில் பின் தெரு,
ஞாயிற்றுக்கிழமை.

சவன்னகேட் நகரில் சொந்த வீடும் முன்கோபமும் ஒருங்கே பெற்று விளங்கும் என் மூத்த சகோதரி சன்சமோன் அவர்களுக்கு, தம்பி சிசவாத் இரு கைகளையும் நெற்றிவரை உயர்த்திக் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், மனைவி மாலிவன், மகள் தாவோன், என் இடது முழங்கால் வலி ஆகிய நால்வரும் புத்தர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தானும் அத்தானுடைய சேவல்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, போன மாதம் தொலைபேசியில் நீங்கள், "நீ வாயத் தொறந்தா வர்ற சம்பந்தமும் வாசலோட திரும்பிடும்டா" என்று சொன்னீர்கள். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் வருத்தப்பட்டேன். இப்போது சொல்கிறேன், ஜெயித்துவிட்டேன்! கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சுக்சவன் நம் வழக்கப்படி நம் வீட்டுக்கே குடிவருகிறான். எல்லாம் என் சாமர்த்தியம்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

மாப்பிள்ளையின் அப்பா இன்பெங், லுவாங் பிரபாங்கில் முப்பத்தாறு வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். அந்த ஊர்க்காரர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பழைய ராஜாக்கள் ஊர், உலகமே வந்து பார்க்கும் ஊர் என்ற நினைப்பில் மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டே மீன் வாங்கப் போவார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, குடும்பத்தைப் பிடித்திருக்கிறது, ஆனால் மகனை வியந்தியானுக்கு அனுப்ப மாட்டேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். "பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஊர்ல என் புள்ள எதப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்?" என்று தொலைபேசியில் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, ஒரே ஒரு நாள் வாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒரு தடவையாவது ஆச்சரியத்துல உங்க வாய் பிளக்கலேன்னா, என் பொண்ணையே உங்க ஊருக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், இருக்கிற ஒரே பெண்ணைப் பந்தயம் வைத்துவிட்டோம் என்பது உறைத்தது. மாலிவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பூட்டு விக்கிற கடையில உங்க வாய் அளவுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

நேற்றுக் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். வாத்தியார் கையில் குடையும் ஒரு குறிப்பேடும். கூட அவர் மனைவி புவாகாம். மெலிந்த தேகம், எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பாவம், பேச வராது போலிருக்கிறது என்று மாலிவன் என் காதைக் கடித்தாள். எல்லோரையும் என் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராகப் பதுசாய் வெற்றி வளைவுக்குப் போனேன். வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். "விமான ஓடுபாதை போட வந்த சிமெண்ட்ட நிமித்தி நட்டு வச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். படுக்க வச்சிருந்தாலாவது நாலு விமானம் இறங்கியிருக்கும், தம்பி" என்றார். மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், அசந்துபோவார் என்று நினைத்து முன்னால் ஓடி ஏறினேன். உச்சிக்குப் போனபோது மூச்சு வாங்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது நான்தான். அவர் நிதானமாகக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: 'வாய் பிளந்தவர்: சிசவாத்.'

அங்கிருந்து ஹோ பிரா கேவ். மரகத புத்தருக்காகவே கட்டிய கோயில் என்று பெருமையாக ஆரம்பித்தேன், அது எவ்வளவு பெரிய தப்பு என்று அடுத்த கேள்வியில் தெரிந்தது. "சரி, மரகத புத்தர் எங்க?" "அது... பாங்காக்ல இருக்குண்ணே. எரநூறு வருஷத்துக்கு மேலாச்சு." "ஓஹோ. நகை பக்கத்து வீட்ல, வெறும் பெட்டி உங்க வீட்லயா?" எனக்கு முகம் வெந்துபோயிற்று. எதிரே இருக்கும் சீ சாகேத் கோயிலுக்கு இழுத்துப் போனேன். சுற்றுச்சுவர் முழுக்க மாடம் மாடமாகப் புத்தர்கள். "ஆயிரக்கணக்குல இருக்காங்கண்ணே" என்றேன். "சரித்திரத்துல கணக்குன்னா நம்பர் வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டு மனிதர் ஒன்று, இரண்டு என்று எண்ணவே தொடங்கிவிட்டார். முந்நூற்றுச் சொச்சம் வந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "தண்ணி குடிக்கறீங்களாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். கணக்கு விட்டுப்போயிற்று. முறைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இப்படியே காலைப் பொழுது கழிந்து, தாத் லுவாங் பொன் கோபுரத்துக்குப் போனபோது சாப்பாட்டு நேரம் என்று வாசல் சாத்தியிருந்தது. "கோபுரத்துக்குக்கூடப் பசிக்குமா உங்க ஊர்ல?" என்றவர், அப்போது வாயைப் பெரிதாகத் திறந்தார். நான் துள்ளிக் குதித்து, "அண்ணே! வாய்! வாய்!" என்று கத்தினேன். "இது கொட்டாவி" என்றார்.

கடைசி அஸ்திரமாக ஊருக்கு வெளியே புத்தர் பூங்காவுக்கு வண்டியை விட்டேன். அங்கே ராட்சசன் வாய்க்குள் புகுந்து, பூசணிக்காய் மாதிரி உருண்டையான அந்தக் கட்டடத்தில் நரகம், பூமி, சொர்க்கம் என்று மூன்று தளங்களையும் ஏறி, மேலே ஒரு சிறிய ஓட்டை வழியாக வெளியே வரவேண்டும். வாத்தியார் நரகத்தைக் கடந்தார், பூமியைக் கடந்தார், சொர்க்க வாசலில் தொப்பை மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து இரண்டு தாய்லாந்துப் பயணிகள் கையைப் பிடித்து இழுக்க, கீழேயிருந்து நான் தள்ள, மனிதர் போட்ட கூச்சலில் பூங்காவே கூடிவிட்டது. அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல்: "மூச்ச உள்ள இழுங்க. அப்படியே ஒரு நிமிஷம் பேசாம இருங்க." புவாகாம்! பேசினார்! வாத்தியார் மூச்சை இழுத்தார், பேச்சை நிறுத்தினார், புட்டியிலிருந்து தக்கை கிளம்புவதுபோலச் சொர்க்கம் போய்ச் சேர்ந்தார். இறங்கி வந்ததும் சட்டையைத் தட்டிக்கொண்டே, "அடுத்த ரயிலுக்குக் கொண்டுபோய் விடுங்க. பந்தயம் முடிஞ்சது. பொண்ணுக்குப் பெட்டி கட்டச் சொல்லுங்க" என்றார். அக்கா, அந்த இருபத்தைந்து கிலோமீட்டரும் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாலிவன்தான், வந்தவர்களை நம் தெருக் கோயிலில் கும்பிட வைக்காமல் அனுப்பக் கூடாது என்று சீ முவாங்கில் நிறுத்தச் சொன்னாள். அங்கே மெத்தைமேல் இருக்கும் அந்தப் பழைய கல் புத்தர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மனதில் ஒன்றை நினைத்து மூன்று தடவை தூக்க வேண்டும், தூக்க முடிந்தால் நினைத்தது நடக்கும். வாத்தியார் ஊருக்கே கேட்கும்படி, "என் மகன் இந்த ஊர்லதான் வாழணும்னா இது எந்திரிக்கட்டும்" என்று சொல்லிக் கையை வைத்தார். அசையவில்லை. எப்படி அசையும்? கழுத்தில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "பாத்தீங்களா? பகவானே வேணாங்கறார்" என்று எழுந்தார். விட்டேனா பார் என்று நான் மண்டியிட்டேன். முழங்கால் பூட்டிக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன்.

அப்போது புவாகாம் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை எடுத்து வைப்பதுபோல அந்தக் கல்லை மார்புவரை தூக்கி வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

"நீ... நீ என்ன கேட்ட?" என்றார் வாத்தியார்.

"நீங்க கேட்டதையேதான். ஆனா நெசமாவே தூக்கினேன்."

"இவ்வளவு பலம் உனக்கு எங்கேர்ந்து வந்தது?"

"முப்பத்தெட்டு வருஷமா உங்க வீட்டுக்கு ஆத்துலேர்ந்து தண்ணி தூக்கினது யாரு? நீங்க புஸ்தகத்தத் தூக்கினீங்க. புள்ள இங்கதான் இருப்பான். நடங்க, பசிக்குது."

அக்கா, இன்பெங்கின் வாய் பிளந்தது! கொட்டாவி இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, சுத்தமான ஆச்சரியம். கடைவாய்த் தங்கப் பல்வரைக்கும் தெரிந்தது. தரையில் கிடந்தபடியே நான், "வாய்! வாய்! வியந்தியான்ல வச்சு வாய் பிளந்தாச்சு!" என்று கத்தியதில் உள்ளேயிருந்து ஒரு பிக்கு எட்டிப் பார்த்தார். மாலிவனும் தாவோனும் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். வாத்தியார் குறிப்பேட்டைத் திறந்து, ஏதோ எழுதப் போய், எழுதாமலேயே மூடினார். நேர்த்திக்கடனுக்கு வாழைப்பழச் சீப்பு வாங்கி வைத்தோம். சாயங்காலம் மெக்கோங் கரையில் சுட்ட மீனும் பீரும். இரண்டாவது கோப்பையில் என்னைச் 'சம்பந்தி' என்று கூப்பிட்டார். ஒரு நாளில் ஒரு ஊரின் மானத்தையும் ஒரு மகளையும் காப்பாற்றிய தம்பிக்கு அக்கா இனிமேலாவது மரியாதை கொடுக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பிள்ளைகள் மணிக்கட்டில் நூல் கட்டி ஆசீர்வதியுங்கள். ஆளுக்கு முப்பத்திரண்டு உயிர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, உங்களுடைய அந்த முப்பத்திரண்டும் ஒன்றுகூட ஊர் சுற்றப் போகாமல் உங்கள் உடம்போடேயே தங்கியிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

வெற்றித் தம்பி,
சிசவாத்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தாவோனுடைய அலுவலகம் லுவாங் பிரபாங்கில் கிளை திறக்கிறதாம். இரண்டு மாதத்துக்கு முன்பே அங்கே மாற்றல் வேண்டும் என்று இவளே கேட்டு வாங்கிவிட்டாளாம், சுக்சவனுக்கும் சம்மதமாம். "நேத்து நீங்க இருந்த சந்தோஷத்துல சொல்ல மனசு வரலப்பா" என்கிறாள். கல்யாணம் முடிந்ததும் இருவரும் அங்கேயே, இன்பெங் வீட்டிலேயே குடித்தனம். இடிந்துபோய் இன்பெங்குக்குத் தொலைபேசினேன். "கவலப்படாதீங்க சம்பந்தி. புத்தர் முன்னாடி சொன்ன வார்த்தை. எங்க வீட்டு ஆளு உங்க ஊர்ல இருந்தே ஆகணும்னு புவாகாம் சொல்லிட்டா. அதனால நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கே வந்துடறோம். தினம் காலைல ஒரு கோயில், சாயங்காலம் ஒரு கோயில், நீங்கதான் கூட வரணும்" என்றார். மாப்பிள்ளைக்கென்று ஒழித்து வைத்த அறையை மாலிவன் அவர்களுக்காகப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். சவன்னகேட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று உடனே தெரிவிக்கவும்.