கடைக்காட்டு வண்டி நிறுத்தம்

கடலே இல்லாமல் மூன்று துறைமுக மந்திரிகள் இருந்த நாடு ஒன்று உண்டு. அதற்கு நெடுவழி நாடு என்று பெயர். அந்நாட்டில் மன்னரை மக்களேதான் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள், மன்னர் மக்களைக் கும்பிடுவார். மீதி நாள்களில் மக்கள் அந்தக் கும்பிடைத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருப்பார்கள். நல்லாட்சி என்றே எல்லோரும் சொன்னார்கள். வேறு மாதிரி சொன்ன இரண்டு பேரைக் கொஞ்ச நாளாக யாரும் பார்க்கவில்லை.

தலைநகரிலிருந்து புறப்பட்டு, இருபத்திரண்டு ஊர்களில் நின்று, கடைசியாகக் கடைக்காடு வழியே எல்லைச் சாவடி வரை போய்த் திரும்பும் பொதுவண்டி ஒன்று அந்நாட்டில் ஓடியது. ஆறு குதிரை பூட்டிய வண்டி. முப்பது பேர் உட்காரலாம், எழுபது பேர் போனார்கள். அதை நடத்தியது பொதுவண்டி வாரியம். கடைக்காட்டில் மட்டும் வண்டி நிற்காது. பட்டியல் எழுதிய அன்று கடைசி வரியில் எழுத்தருக்குத் தூக்கம் வந்துவிட்டதால் அந்த ஊரின் பெயர் விட்டுப்போயிருந்தது. வண்டிக்காரர் கோனேரி நல்ல மனிதர். ஏரிக்கரைத் திருப்பத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார், ஊர்க்காரர்கள் ஓடித் தொற்றிக்கொள்வார்கள்.

அப்படித் தொற்றிக்கொள்கிறவர்களில் சிட்டம்மாளும் அவள் கணவன் மாசிலாமணியும் உண்டு. மாசிலாமணியின் இடது காலில் ஆறாத புண். வியாழக்கிழமை தவறாமல் தலைநகர் வைத்தியசாலையில் கழுவிக் கட்டுப்போட வேண்டும், இரண்டு வாரம் விட்டுப்போனால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். ஆகவே வியாழக்கிழமைகளில் கோனேரி கடிவாளத்தை இன்னும் கொஞ்சம் இழுப்பார். சிட்டம்மாள் கணவனைப் பின்னாலிருந்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொள்வாள். வைத்தியசாலை போய்த் திரும்பும் வழியெல்லாம் மாசிலாமணி உட்கார இடம் கிடைத்ததைப் பற்றியே பேசிக்கொண்டு வருவான்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்கு வாரியத்தின் மேல் அக்கறை வந்தது.

போக்குவரத்து மந்திரி அதிவேகனார் பிறந்தது முதல் பல்லக்கை விட்டு இறங்காதவர். அந்த அனுபவத்தை மதித்தே அவருக்கு அந்தத் துறையைக் கொடுத்திருந்தார்கள். அவர் அவையில் எழுந்து நின்றார்.

"மன்னா, வாரியம் நட்டத்தில் ஓடுகிறது. காரணம் அறிய ஒன்பது பேர் கொண்ட குழு அமைத்தேன். வண்டி ஓடுவதே நட்டத்துக்குக் காரணம் என்று குழு ஐயமறக் கண்டறிந்திருக்கிறது."

"உடனே நிறுத்திவிடலாமா?" என்றார் மன்னர்.

"தேர்தலுக்கு இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது, மன்னா. பெயர் கெட்டுவிடும். சீர்திருத்தலாம்."

முதல் சீர்திருத்தமாக மானியம் பாதியானது. ஆறு குதிரை மூன்றானது. மூன்று குதிரைகள் இழுக்கும்போது மற்ற மூன்றும் வெறுமனே கூட ஓடிவருவதாகக் குழுவின் அறிக்கை சொன்னது. இரண்டாவதாக, பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே மானியம் என்று சட்டம் வந்தது. உட்கார்ந்து வருகிறவரே பயணி என்றும், நின்றுகொண்டு வருகிறவர் வழிப்போக்கர் என்றும் அதில் விளக்கம் இருந்தது. மூன்றாவதாக, வண்டி தாமதமானால் வண்டிக்காரர் சம்பளத்தில் பிடித்தம். மூன்று குதிரையோடு எழுபது பேரை இழுக்கிற வண்டி எப்படி நேரத்துக்குப் போகும் என்று குதிரைகளைத் தவிர யாருக்கும் கவலை இல்லை.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை கோனேரி வண்டியிலிருந்தபடியே கத்தினார்.

"சிட்டக்கா! இனிமே திருப்பத்துல இழுத்துப் பிடிக்க முடியாதுக்கா. போன மாசம் பாதிச் சம்பளம்தான் குடுத்தாங்க. ஊருக்கு ஒரு நிறுத்தம் வேணும்னு மனு எழுதிப் போடுங்க. பட்டியல்ல பேரு ஏறிட்டா நான் நின்னுதானே ஆகணும்!"

அன்றைக்கு அவர் எப்படியோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்த கையோடு சிட்டம்மாள் மனு எழுத உட்கார்ந்தாள். கடைக்காட்டில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சுற்றிவளைக்காமல் ஒரே வரியில் எழுதினாள்: "எங்களுக்கு வண்டி நிறுத்தம் வேண்டும்." ஊரே வந்து கைநாட்டு வைத்தது. எழுத்து வரிசையாக, நேராக வந்திருக்கிறதென்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மனு அவைக்கு வந்தது. சொற்பொருள் அதிகாரி தத்துவப்பிரகாசர் அதை இரண்டு முறை வாசித்தார். சட்டத்தில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்வது அவர் வேலை. மடியில் எப்போதும் தடிமனான அகராதி ஒன்று இருக்கும்.

"மன்னா, மக்கள் வண்டி நிறுத்தம் கேட்கிறார்கள்."

"யார் கேட்கிறார்கள்?"

"மக்கள். தாங்களாகவே. இருநூற்றுப் பதினாறு கைநாட்டு இருக்கிறது."

அதிவேகனாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இவ்வளவு பொறுப்பான மக்களை வைத்துக்கொண்டா நான் தயங்கிக்கொண்டிருந்தேன்!" என்றார். மக்கள் கேட்டதை முழுசாகக் கொடுப்பது மன்னருக்கு ஆட்சிக்கு வந்தபின் இதுவே முதல் தடவை. அன்று சாயங்காலத்துக்குள் பொதுவண்டி நிறுத்தச் சட்டம் நிறைவேறியது.

கடைக்காட்டுக்கு அதிவேகனாரே நேரில் வந்தார். ஏரிக்கரைத் திருப்பத்தில் மூன்றே நாளில் கல்தூண் வைத்து, ஓடு வேய்ந்து, அழகான நிழற்கூடம் கட்டியிருந்தார்கள். உள்ளே மூன்று சுவரிலும் மன்னரின் படம். கல்வெட்டில், "மக்களின் கோரிக்கையை ஏற்று, இன்று முதல் வண்டி நிறுத்தம்" என்று பொறித்திருந்தது. மேளம் கொட்டியது. ஊர் கைதட்டியது, எல்லோரையும்விடச் சிட்டம்மாள்தான் பலமாகத் தட்டினாள். மந்திரி அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

வியாழக்கிழமை விடிந்ததும் இருவரும் வேட்டி சேலை மாற்றிக்கொண்டு நிழற்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது, இறங்கியது. வண்டி வரவில்லை. சக்கரம் உடைந்திருக்கும் என்று மாசிலாமணி சொன்னான். அடுத்த வியாழனும் உட்கார்ந்தார்கள். அன்று உச்சிவேளையில் கோனேரி வந்தார், நடந்து. கையில் சாட்டை மட்டும் இருந்தது.

"வண்டி எங்கண்ணே?"

"நிறுத்தியாச்சுக்கா. மொத்தமா. குதிரைய எல்லாம் மன்னரோட சாதனை ஊர்வலத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க." அவர் கல்வெட்டைப் பார்த்தார். "நீங்க எழுதுன மனுவைத்தான் காரணமாக் காட்டுறாங்க."

தன் கையால் எழுதியது, வரிசையாக, நேராக. சிட்டம்மாள் கணவனைக் கோனேரியின் பொறுப்பில் விட்டுவிட்டு அப்போதே தலைநகருக்கு நடந்தாள். மறுநாள் பகலில் போய்ச் சேர்ந்தாள்.

வாரியம் கலைக்கப்படவில்லை. தலைவரும் நாற்பது அதிகாரிகளும் அப்படியே இருந்தார்கள். வண்டியின் தொல்லை ஒழிந்ததால் இப்போதுதான் நிம்மதியாக வேலை நடக்கிறது என்று வாசற்காவலர் சொன்னார். அவளைத் தத்துவப்பிரகாசரிடம் அனுப்பினார்கள்.

"ஐயா, நாங்க நிறுத்தம் கேட்டது வண்டி நிக்கிறதுக்குங்க."

"நிற்கிறதே, அம்மா."

"இல்லீங்கய்யா. எங்க ஊர்ல வண்டி நின்னு போகணும். அதைத்தான் கேட்டோம்."

"நின்றுபோய்விட்டது." அதிகாரி அகராதியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நிறுத்தம் என்றால் நிற்குமிடம், நிற்கச் செய்தல் என்று இரண்டு பொருள். அரசு உங்களுக்கு இரண்டையும் வழங்கியிருக்கிறது. வேறெந்த நாட்டிலாவது ஒரே சட்டத்தில் இரண்டு பொருளும் நிறைவேறியதுண்டா?"

"அவருக்குக் கால் போயிடும்யா."

"அதைத் தனி மனுவாகக் கொடுங்கள். ஆனால் பார்த்து எழுதுங்கள். 'கால் போக வேண்டாம்' என்று எழுதினால், எங்கும் போக வேண்டாம் என்று கேட்பதாக ஆகிவிடும்."

அவள் எழுதவில்லை. அகராதியைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று நினைத்தாள். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும் போலிருந்தது. திரும்பி நடந்தாள்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மாசிலாமணிக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கோனேரியும் ஊர் ஆண்களும் கட்டிலோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் எல்லா ஊர்களிலும் புத்தம் புதிய நிழற்கூடங்கள் இருந்தன. கட்டிலை இறக்கி வைத்து இளைப்பாற மிகவும் வசதியாக இருந்தன. வைத்தியசாலையில் காலை எடுத்துவிட்டார்கள். மாசிலாமணி விழித்ததும் முதலில் கேட்டது, இனி வியாழக்கிழமை வர வேண்டாமே என்பதுதான். சிட்டம்மாள் அப்போதுதான் அழுதாள்.

பத்தாம் நாள் அரண்மனையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு கால் இழந்தவர்களுக்குப் பொதுவண்டியில் ஆயுள் முழுக்க இலவசப் பயணம் என்று மன்னர் அறிவித்திருந்தார். பொன்னிற எழுத்தில் அச்சடித்த அந்தச் சீட்டை மாசிலாமணியின் கையில் கொடுத்து, ஓவியரை வைத்துப் படம் வரைந்துகொண்டு போனார்கள்.

தேர்தல் வந்தது. மன்னரை எதிர்த்து நின்றவர் கீர்த்திசேனர். அவர் அலங்கார ரதத்தில் கடைக்காட்டுக்கு வந்து, நிழற்கூடத்துக்கு முன்னால் நின்று முழங்கினார்.

"கொடுங்கோல் மன்னர் உங்களுக்குக் கொடுத்தது என்ன? நிறுத்தம்! நான் வந்தால் ஒவ்வோர் ஊருக்கும் என்ன கொடுப்பேன் தெரியுமா? ஓட்டம்! ஓட்டம்! ஓட்டம்!"

ஊர் கைதட்டியது. மேளமும் அதே மேளம்தான். நிழற்கூடத்தில் கணவனோடு உட்கார்ந்திருந்த சிட்டம்மாள் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரதத்தின் பக்கம் போனாள்.

"ஐயா, ஓட்டம்னு சொல்றீங்களே, ஓடப்போறது வண்டியா நாங்களான்னு அதையும் சேத்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து மூணு காலுதான் இருக்கு."

கைதட்டல் நின்றது. கீர்த்திசேனர் புன்னகை மாறாமல் ரதத்துக்குள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே திண்டில் சாய்ந்திருந்த தத்துவப்பிரகாசர், மடியில் அகராதியை விரித்து, 'ஓ' வரிசையில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.