கோட்டுக்கு வெளியே ஆடுகிறவர்

குளுவாங் ரயிலடியில் இறங்கிய மூன்றாம் நாளே அவரைச் சந்தித்தேன். எங்கள் வம்சத்தின் முதல் பி.ஏ.யாகிய நான் ரப்பர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. சதாசிவம் பெரிய கிராணி. ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத் திடலில் என் கெண்டைக்காலில் விழுந்த உதைதான் எங்கள் அறிமுகம்.

"மன்னிக்கணும் தம்பி, நான் கோல் அடிச்சேன்" என்றார்.

ஐயா, இவர்கள் தனி இனம்! பந்தைத் தொட்டறியாதவர்கள், ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று, குடையை நீட்டி, பதினோரு பேருக்கும் வழி சொல்லி, முன்னால் நிற்பவனை உதைத்து, பின்னால் நிற்பவனை மிதித்து, ஆட்டம் முழுவதையும் தாங்களே ஆடுவார்கள். மூச்சு வாங்குவதும் அவர்களுக்குத்தான்.

அன்று லாயாங் லாயாங் என்ற பக்கத்துத் தோட்டத்தை ஜெயித்தால் மறுநாள் லீவு என்று துரை சொல்லியிருந்தார். என் பக்கத்தில் நின்ற பால்வெட்டுக்காரி கிருஷ்ணம்மாவின் அக்கா காஹாங்கில் குழந்தை பெற்றிருந்தாள். லீவு கிடைத்தால் நேரே அங்கேதான். புதுச் சட்டைத் துணியைக்கூட மடியில் முடிந்து வைத்திருந்தாள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷம். பந்து எங்கள் கோலை நோக்கிப் பறந்து வருகிறது. கம்பங்களுக்கு நடுவே வீரமுத்து புலிபோல நிற்கிறான்.

"டேய் வீரமுத்து! வலப்பக்கம்டா!" என்று பெரிய கிராணி முழங்கினார்.

வீரமுத்து சட்டென்று திரும்பினான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினான்.

"கூப்ட்டீங்களாங்கய்யா?"

பந்து அவன் முதுகைத் தாண்டி உள்ளே போயிற்று.

"மடையா! பந்தைப் பார்க்காம என்னை ஏன்டா பாக்கிறே?"

"நேத்துப் பெரட்டுல நீங்க பேர் கூப்பிட்டப்ப நான் திரும்பலேன்னு அம்புட்டு ஆளுக்கு முன்னால ஏசினீங்களேங்க!"

விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுப் பழக்கம், பந்தாட்டம் என்று தெரிந்து ஒதுங்கிக்கொள்ளுமா?

"அலமாக், போச்சே! எங்கக்கா புள்ளய இனி நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்கய்யா" என்றாள் கிருஷ்ணம்மா. துணி முடிச்சை அவர் கையிலேயே வைத்துவிட்டாள். திடலே சிரித்தது. பெரிய கிராணி குடையை மடக்கினார்.

மறுவாரம் அவரே துரையிடம் கெஞ்சி அவளுக்கு ஒருநாள் லீவு வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சதாசிவம் இன்றும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஆட்ட நாளில் எதிராளிகளின் கோலுக்குப் பின்னால் அவருக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்த ஆட்டம் முடிந்ததும், உங்களுக்கு முன்னால் நின்றவர் நொண்டாமல் நடக்கிறாரா என்று கொஞ்சம் பாருங்கள்.